படத்தைப் பழுதுபார்த்தல்: தலித் முகங்களும் புகைப்பட வரலாறும்



நினைவுச் சொற்பொழிவுக்கு வருகிறவர்கள் மறைந்தவரின் பணிகளைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். நான் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்க வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு இதே நாளில் இந்த மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பிளெக்ஸ் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதில் போடுவதற்குத் தோழரின் படத்தைத் தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் இருந்தது. தோழருக்கென்று இருந்தது ஒரே படம். 1984 பனியன் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் தொடக்க நாட்களில் எடுத்த கறுப்பு வெள்ளைக் குழுப்படம். பதினொரு பேர் நிற்கிறார்கள். அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரிய அந்தப் படத்தில் அவர் முகம் என் சுண்டுவிரல் நகம் அளவுதான். நெஞ்சுக்குக் குறுக்கே நீளமாக ஒரு கீறல். இடது மூலையைக் கரையான் தின்றிருந்தது. செல்போனில் அதைப் படமெடுத்து, ஒரு ஸ்டுடியோவுக்கு அனுப்பி, ‘கிளீன் பண்ணிக் கொடுங்க’ என்றேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. கீறல் இல்லை. கண்ணிமை மயிர்கூடத் தெரிந்தது. சட்டைக்கு நீல நிறம் ஏற்றியிருந்தார்கள். நான் அசந்துபோய் ‘சூப்பர்’ என்று பதில் அனுப்பினேன். பத்தடிக்கு எட்டடியில் அச்சாகி வந்தது.

கூட்டம் தொடங்கும் முன் தோழரின் துணைவியார் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். பிளெக்ஸை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: “இதாரு கண்ணு? நல்லாத்தான் இருக்கறாரு. ஆனா எங்கூட்டுக்காரரு இல்லயே.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “கம்ப்யூட்டர்ல கொஞ்சம் சரி பண்ணுனதுங்மா” என்றேன். “என்ன சரி பண்ணுனீங்க?” என்றார் அவர். இந்த உரை அந்தக் கேள்விக்கு ஓராண்டு தாமதமாக நான் சொல்லும் பதில்.

வீட்டுக்குப் போய் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தோழரின் மூக்கு அகலமானது. புதுப் படத்தில் மூக்குத்தண்டு ஒடுங்கிக் கூர்மையாகியிருந்தது. வெயிலில் இடுங்கியிருந்த கண்கள் அகலத் திறந்திருந்தன. தோல் கோதுமை நிறத்துக்கு வந்திருந்தது. இவற்றையெல்லாம்விட ஒன்று என்னை உறுத்தியது. பழைய படத்தில் தோழரின் வலது தோளின் மேல் பக்கத்தில் நிற்பவரின் கை இருக்கிறது. நான்கு விரல்கள் தெளிவாகத் தெரிகின்றன. புதுப் படத்தில் அந்தக் கை சட்டையின் மடிப்பாக மாறியிருந்தது. தோழரைத் தனியாக வெட்டியெடுத்தபோது அந்தக் கை தேவையற்ற கறையாகிவிட்டது போலும்.

ஸ்டுடியோக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினார். மென்பொருள் தனக்குத் தெரிந்த முகத்தைக் கொடுத்தது. அதற்குத் தெரிந்த முகம் யாருடையது என்பதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

நகம் அளவு முகத்தில் கண்ணிமை மயிர் இருக்க முடியாது. அந்தத் தகவல் படத்தில் பதிவாகவே இல்லை. பின் எங்கிருந்து வந்தது? இன்று முகங்களைத் துலக்கிக் காட்டும் செயலிகள் பலவற்றின் அடித்தளமாக இருப்பது 2021இல் சீனாவின் டென்சென்ட் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘ஜிஎஃப்பிகேன்’ போன்ற கருவிகள். அந்தக் கருவிக்கு முகம் என்றால் என்னவென்று கற்றுக்கொடுக்கப் பயன்பட்டது என்விடியா நிறுவனம் 2019இல் வெளியிட்ட 70,000 முகங்களின் தொகுப்பு. அந்த முகங்கள் ‘ஃப்ளிக்கர்’ என்ற இணையதளத்தில் ஆட்கள் தாங்களே போட்டுவைத்த படங்களிலிருந்து திரட்டப்பட்டவை. நல்ல கேமரா வாங்க முடிந்தவர்கள், இணையத்தில் படம் போடும் வழக்கமும் ஓய்வும் இருந்தவர்கள். பல்லடம் பக்கத்துத் தோட்டத்தில் பண்ணையம் இருந்துவிட்டு, பிறகு பனியன் கம்பெனியில் கைமடிக்க வந்த ஒருவர் அந்த எழுபதாயிரத்தில் இருந்திருக்க வாய்ப்பு எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மங்கலான முகத்தைக் கொடுத்தால் அது தான் பார்த்த முகங்களின் சாயலில் இடைவெளியை நிரப்புகிறது. நாம் அதைத் ‘தெளிவு’ என்கிறோம்.

2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பல்ஸ்’ என்ற கருவிக்கு ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது அது ஒரு வெள்ளைக்காரரைத் திருப்பிக் கொடுத்தது. அப்போது உலகம் முழுக்கப் பேசினார்கள். காரணம், ஒபாமா எப்படி இருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். தோழர் எப்படி இருப்பார் என்று தெரிந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே முப்பது பேர்தான் இருப்பீர்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து ஒருவரும் இருக்கமாட்டோம். அப்போது அந்த நீலச்சட்டைக்காரர்தான் தோழர்.

இதையெல்லாம் கணினிதான் தொடங்கிவைத்தது என்று நினைக்க வேண்டாம். வண்ணப் படச்சுருள் காலத்தில் நிறங்களைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு ஓர் அட்டை அனுப்பும். ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அதில் இருப்பது ஒரு வெள்ளைப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி. கறுப்புத் தோல் சேறுபோல அப்பிக்கொண்டு வந்ததை நிறுவனம் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. சாக்லேட் விளம்பரக்காரர்களும் மரச்சாமான் விளம்பரக்காரர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிற வேறுபாடு படத்தில் வரவில்லை என்று முறையிட்ட பிறகே அந்தப் பக்கம் கவனம் திரும்பியது என்று லோர்னா ராத் என்ற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். அதற்கும் முந்தைய கறுப்பு வெள்ளைத் தகடுகளுக்குச் சிவப்பு ஒளியை உணரும் திறனே கிடையாது. ஆகவே மாநிறத் தோல் இருப்பதைவிடக் கறுத்தும், குங்குமம் கருமையாகவும் விழுந்தன. பழைய படத்தில் பாட்டி கன்னங்கரேலென்று இருந்தால் அதுவும் அப்படியே உண்மை என்று சொல்லிவிட முடியாது. நிறத்தைப் பற்றிக் கேமரா நமக்கு நேர்மையாக எதையும் சொன்னதில்லை.

நம்மை முதலில் படமெடுத்தவர்கள் யார் என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1857 எழுச்சிக்குப் பிறகு ஆளப்படும் மக்களை வகைபிரித்து அறியும் தேவை காலனிய அரசுக்கு வந்தது. 1868 முதல் 1875 வரை லண்டனில் எட்டுத் தொகுதிகளாக ‘இந்திய மக்கள்’ என்ற நூல் வெளிவந்தது. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பித்தது. நானூறுக்கும் மேற்பட்ட படங்கள். அதற்குப் படம் எடுத்துக் கொடுத்தவர்களில் ஒருவர் மதராஸ் குதிரைப்படை அதிகாரி ஹூப்பர். 1876–78 தாது வருடப் பஞ்சத்தைப் படமெடுத்தவரும் இவரே. கோவை, சேலம் மாவட்டங்கள் உட்பட மதராஸ் மாகாணம் முழுக்கப் பல லட்சம் பேர் செத்த பஞ்சம் அது. செத்தவர்களில் நிலமற்ற கூலிகளே மிகுதி. எலும்பும் தோலுமான மனிதர்களைக் குழுக்குழுவாக உட்காரவைத்து ஹூப்பர் எடுத்த படங்களில் ஒருவருக்கும் பெயரில்லை. பின்னாளில் பர்மாவில் கைதிகளைச் சுட்டுக்கொல்லும் கணத்தைப் படம்பிடித்ததற்காக விசாரணைக்கு உள்ளானவர் இந்த அதிகாரி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் அந்தப் பஞ்சப் படங்களில் ஒன்றை வண்ணமேற்றி எனக்கு அனுப்பினார். நல்ல பையன், நம் வரலாற்றைப் பரப்ப வேண்டும் என்ற ஆர்வம். பெரிதாக்கிப் பார்த்தேன். குழிந்த கன்னத்தைச் செயலி நிழல் என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிரப்பியிருந்தது. தோல் வழவழப்பாகியிருந்தது. பட்டினியால் செத்துக்கொண்டிருந்த பெண் கொஞ்சம் தேறியிருந்தாள். பஞ்சத்தையே பழுதென்று கருதிச் சரிசெய்துவிட்டது மென்பொருள்.

ஹூப்பருக்குப் பிறகு எட்கர் தர்ஸ்டன். மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர். தலைச் சுற்றளவையும் மூக்கின் அகலத்தையும் கருவி வைத்து அளந்து சாதிக்கு ஒரு கணக்குப் போட்டவர். 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ நம் ஆய்வு மாணவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் நூல். பெரும்பாலான படங்களுக்குக் கீழே இருப்பது சாதிப்பெயர்தான். படத்தில் இருப்பவரின் பெயர் இல்லை. தர்ஸ்டன் மூக்கை அளந்தார், இந்தச் செயலி மூக்கைத் திருத்துகிறது என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். சற்றே மிகையான ஒப்பீடு. என்றாலும் தோழரின் ஒடுங்கிய மூக்கைப் பார்த்த பிறகு என்னால் அதை மறுக்க முடியவில்லை.

இப்படி மற்றவர்கள் எடுத்த படங்கள் ஒருபக்கம் இருக்க, நம்மவர்கள் தாங்களே காசு கொடுத்து ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட படங்களின் வரலாறு வேறு. இங்கே சற்று நிதானிக்க வேண்டும். என் முழு வாதமும் இதன் மேல்தான் நிற்கிறது.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், பின்னர் தான் எழுதிய ‘இந்தியாவில் சாதி’ நூலில் இவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது, இடுப்புக்கு மேல் துணி கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்பும் கூடாது. மீறியவர்கள் தாக்கப்பட்டார்கள். 1931 ஜூனில் பட்டியல் பதினொன்றாக நீண்டது.

பனியன் என்ற சொல் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். பனியன் தைத்து உலகத்துக்கே அனுப்பும் ஊரில் உட்கார்ந்துகொண்டு நாம் இதைப் படிக்கிறோம். ஏறத்தாழ அதே காலத்தில்தான் திருப்பூரில் பின்னல் தொழில் கால்பிடித்துக்கொண்டிருந்தது.

இப்போது உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருக்கும் பழைய ஸ்டுடியோ படம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தா கோட்டுப் போட்டிருப்பார். தோள் அளவு பொருந்தாது, ஸ்டுடியோக்காரருடையது. கையில் குடை. காலில் ஷூ, அதுவும் இரவல். கிராப்புத் தலை. பாட்டி தலையில் பூ, ரவிக்கை, கழுத்தில் கவரிங் சங்கிலி. பின்னால் மாளிகைத் தூணும் படிக்கட்டும் வரைந்த திரை. ஹட்டன் பட்டியலில் உள்ள தடைகளில் பாத்திரத்தைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே படத்தில் மீறியிருப்பார்கள். ஊருக்குள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் டவுனில் ஒரு மறைவான அறைக்குள், ஓர் ஒளிவெட்டு நேரத்துக்கு, வேறு விதமாக நின்றார்கள். இதைப் ‘பொய்யான படம்’ என்றும் ‘நடுத்தர வர்க்கப் பாவனை’ என்றும் எழுதிய சமூகவியலாளர்களை நான் எம்.ஏ. படிக்கும்போது வாசித்திருக்கிறேன். அவர்களுக்குக் குடை என்பது குடை மட்டுமே.

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. 1900 பாரிஸ் கண்காட்சிக்கு டு பாய்ஸ் 363 படங்கள் கொண்ட தொகுப்பைக் கொண்டுபோனார். ஜார்ஜியாவின் கறுப்பின மக்கள் நல்ல உடையில், நிமிர்ந்த தலையோடு இருக்கும் படங்கள். மண்டையோட்டை அளக்கும் இனவாத விஞ்ஞானத்துக்கு அவர் கொடுத்த பதில். ஆனால் அதிலும் படத்தில் இருப்பவர்களின் பெயர்கள் குறிக்கப்படவில்லை. நம் தரப்பில் நின்று தொகுப்பவரும் பெயரை விட்டுவிடுவது நடக்கிறது. நானும்தான் பத்துப் பேரை வெட்டியெறிந்தேன்.

ஆகவே ‘படத்தில் எதையும் தொடாதே’ என்று நான் சொல்லவில்லை. ஸ்டுடியோக்கள் தொடக்கத்திலிருந்தே தொட்டுக்கொண்டுதான் இருந்தன. நெகட்டிவின் மேல் பென்சிலால் தடவி முகத்தைத் தெளிவாக்குவதை ‘டச்சிங்’ என்பார்கள். அது தனித் தொழில். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டிப் பாட்டியின் காதில் தங்கப்பொட்டு வைத்தார்கள். ஒரு வயதான அம்மா தன் இறந்துபோன மகளின் படத்தைக் கொண்டுவந்து, “கழுத்துல ஒரு சங்கிலி போட்டுக் குடு சாமி, அவளுக்கு வாங்கித் தரவே இல்ல” என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவிடம் ஆவணத்தின் தூய்மை பற்றிப் பாடம் நடத்த எனக்குத் தைரியமில்லை. போட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். கேட்பவர் யார், யாருக்காகக் கேட்கிறார் என்பது வேறுபாடு. தாத்தா தடையை மீறிப் போட்டுக்கொண்ட கோட்டு வரலாறு. அம்மா ஆசைப்பட்டுக் கேட்ட சங்கிலியும் வரலாறு. யாரும் கேட்காமல் மென்பொருள் கொடுத்த சிவப்புத் தோல் எந்தக் கணக்கில் வரும்?

கம்போடியாவில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். கெமர் ரூஜ் ஆட்சியில் துவோல் ஸ்லெங் சிறைக்குக் கொண்டுவரப்பட்டவர்களைக் கொல்லும் முன் வரிசையாகப் படமெடுத்து வைத்தார்கள். 2021 ஏப்ரலில் அயர்லாந்துக் கலைஞர் ஒருவர் அந்தப் படங்களுக்கு வண்ணமேற்றியதை ‘வைஸ்’ இதழ் வெளியிட்டது. சில முகங்களில் அசலில் இல்லாத புன்னகை இருந்தது. கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் அடையாளம் கண்டு கொதித்தார்கள். கம்போடியப் பண்பாட்டு அமைச்சகம் கண்டித்தது. இதழ் கட்டுரையை நீக்கியது. அங்கே அசல் படங்கள் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தன. அதனால் பொய்யைப் பொய்யென்று காட்ட முடிந்தது.

நம்மிடம் அசல் எங்கே இருக்கிறது?

கடந்த ஓராண்டாக நம் தோழர்கள் நான்கைந்து பேர் அவினாசி, ஊத்துக்குளி, காங்கேயம் பக்கத்துக் காலனிகளில் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். பாதி வீடுகளில் பெரியவர்களுக்கு வாக்காளர் அட்டைப் படம்தான் இருக்கும் ஒரே படம். தேர்தல் ஆணையம் 1993இல் புகைப்பட அட்டையைக் கட்டாயமாக்கியிராவிட்டால் அதுவும் இருந்திராது. சாவு விழுந்தால் அந்தக் கட்டைவிரல் அளவுப் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போடுகிறார்கள். கம்பெனி அடையாள அட்டையிலிருந்து உரித்தெடுத்த படம், விண்ணப்பத்தில் ஸ்டேப்ளர் அடித்துப் பாதி முகத்தில் ரப்பர் ஸ்டாம்பு விழுந்த படம். அரசோ முதலாளியோ கேட்டால்தான் நமக்குப் படம்.

கொங்குப் பகுதியின் பழைய படங்களில் கவலை இறைக்கும் காட்சி உண்டு. மாடு இருக்கும், கிணற்று மேடு இருக்கும், பண்ணாடி இருப்பார். தண்ணீர் மொண்டுவரும் தோல் பறியைத் தைத்துக் கொடுத்த மாதாரி இருக்கமாட்டார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து, பிறகு பம்புசெட்டுகள் பரவ, பறி தைக்கும் தொழிலே மறைந்துபோனது. தைத்தவர் முகமும் போயிற்று, தைத்த பொருளும் போயிற்று. அடுத்த தலைமுறை விசைத்தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போனது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரேஸ் கார்ஸ்வெல்லும் கீர்ட் டி நீவும் இந்தப் பகுதிக் கிராமங்களை ஒப்பிட்டு 2014இல் எழுதியிருக்கிறார்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போய்வர முடிந்த ஊரில் அருந்ததியர்களுக்குப் பழைய கட்டு கொஞ்சம் தளர்ந்தது. விசைத்தறி முன்பணத்தில் மாட்டிக்கொண்ட ஊரில் தளரவில்லை. எங்கள் தேடலிலும் அதே கோடு தெரிந்தது. பனியன் கம்பெனிக்குப் போன வீடுகளில் ஆல்பம் இருக்கிறது. தறியில் கடன்பட்ட வீடுகளில் பெரும்பாலும் அட்டைப் படம்தான்.

இருக்கிற படங்களும் அழிகிற நிலை. தகரக் கூரை ஒழுகி, சட்டத்துக்குள் ஈரம் இறங்கி, படத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. விறகடுப்புப் புகை. லைன் வீடு மாறி மாறிக் குடிபோகும்போது தொலைவது. பத்திரமாக இருக்கட்டும் என்று பாசத்தோடு லேமினேஷன் போட்டுவைத்தவைதான் மிகவும் வருத்தம் தருபவை. அந்தப் பிளாஸ்டிக்கைப் படத்துக்குச் சேதமில்லாமல் இனிப் பிரிக்க முடியாது. ஸ்டுடியோக்களின் நெகட்டிவ்களும் போய்க்கொண்டிருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சோயி ஹெட்லி குழுவினர் பிரித்தானிய நூலகத்தின் ஆதரவோடு தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்னாக்கம் செய்த பணி இந்த வகையில் முக்கியமானது. ஆனால் ஸ்டுடியோக்குப் போகவே முடியாதவர்களின் படங்கள் ஸ்டுடியோவில் கிடைக்காது. அவற்றை நாம்தான் தேட வேண்டும்.

நாங்கள் செய்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாணவர்கள் யாராவது இதைக் கையிலெடுத்தால் உதவும். கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், அல்லது பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படமெடுங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதித் தகவல் போய்விடும். படுக்கை ஸ்கேனரில் குறைந்தது 600 புள்ளி அடர்த்தியில், ‘டிஃப்’ கோப்பாக. வாக்காளர் அட்டை அளவுப் படமென்றால் 1200. அந்தக் கோப்பை அதன்பின் யாரும் தொடக்கூடாது; வேலையெல்லாம் நகலில்தான். படத்தின் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டுடியோ முத்திரை, தேதி, பென்சில் எழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் பேசிய படங்கள் எங்களிடம் இருக்கின்றன.

நகலில் தூசியையும் பூஞ்சைப் புள்ளியையும் கையால் எடுக்கிறோம். பக்கத்திலிருக்கும் அதே படத்தின் பகுதியைக் கொண்டு நிரப்புகிறோம். முகத்தின் மேல் செயலியை ஓடவிடுவதில்லை. கண் அழிந்திருந்தால் அழிந்ததாகவே விட்டுவிடுகிறோம். வீட்டார் கேட்டால் வண்ணம் ஏற்றித் தருகிறோம், சங்கிலி போட்டும் தருகிறோம். ஆனால் ஓரத்தில் ‘திருத்தியது’ என்று ஆண்டோடு எழுதி, அசலின் அச்சும் கூடவே கொடுக்கிறோம். எந்தக் கீறலை எடுப்பது என்பதை மட்டும் வீட்டாரைக் கேட்காமல் முடிவு செய்வதில்லை. இந்தக் கடைசி விதியை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் தோழரின் துணைவியார்.

மன்னிப்புக் கேட்கப் போனபோது பழைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கீறலைத் தடவியபடி சொன்னார். பஞ்சப்படி கேட்டு நடந்த அந்த வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது என்று புத்தகங்களில் இருக்கிறது. மூன்றாவது மாதத்தில் லைன் வீட்டுக்கு வாடகை கொடுக்க முடியவில்லை. ஒருநாள் சாமான்களைத் தூக்கி வெளியே வீசினார்கள். சட்டம் போட்ட இந்தப் படமும் விழுந்தது. கண்ணாடி உடைந்து கிழித்த கோடு அது. “கோழிக்குஞ்சாட்டம் புள்ளயக் கக்கத்துல வெச்சுக்கிட்டு மொதல்ல இதத்தான் பொறுக்குனேன்” என்றார். நான் அரை மணி நேரத்தில் அழித்த கோடு அதுதான்.

பிறகு ஒவ்வொரு முகமாகக் காட்டிப் பெயர் சொன்னார். ஓவர்லாக் டெய்லர் இருவர், கட்டிங் மாஸ்டர் ஒருவர், சாயப்பட்டறையில் இருந்தவர்கள் மூவர். சிலருக்கு ஊர்ப்பெயர், சிலருக்குப் பட்டப்பெயர். இரண்டு மாதத்தில் நான்கு முறை போய்வந்ததில் பத்துப் பேரைக் குறித்துவிட்டோம். அவர்களில் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். அவரும் இன்று வந்திருக்கிறார்.

இன்று எனக்குப் பின்னால் இருக்கும் பிளெக்ஸில் அந்தப் படம் முழுதாக இருக்கிறது. பதினொரு பேரும் இருக்கிறார்கள், கரையான் தின்ற மூலையும் கீறலும் இருக்கின்றன. தோழரின் முகம் சிறிதாகத்தான் தெரியும். பின்வரிசையில் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் அருகில் வந்து பாருங்கள். பெயர் தெரியாதவர் ஒருவர் மட்டும் இருக்கிறார். தோழரின் தோளில் கை போட்டிருக்கிறாரே, அவர். முகத்தில் பாதி பக்கத்து ஆளின் தலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. “ஆம்பூர்ப் பக்கத்துப் பையன், அரிசிச்சோறு இல்லாம சாப்பிடமாட்டான்” என்பதற்குமேல் அந்த அம்மாவுக்கு நினைவில்லை. கையில் நான்கு விரல்கள்தான் தெரிகின்றன. ஐந்தாவது விரல் மறைந்திருக்கிறதா, இல்லையா என்பதும் தெளிவாக இல்லை. சாயப்பட்டறையிலோ கட்டிங்கிலோ விரல் போன ஒருவரை உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். வாசலுக்கு வெளியே மேசையில் ஸ்கேனரும் ஒரு நோட்டும் வைத்திருக்கிறோம். படம் கொண்டுவந்திருப்பவர்கள் கொடுங்கள், இப்போதே ஸ்கேன் செய்து திருப்பித் தந்துவிடுவோம். இவரைத் தெரிந்தவர்கள் பெயரை அந்த நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.